வெள்ளத்தாய் கழுவிய தொட்டி

எங்கள் ஓட்டலில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போன குடும்பத்துக்கு வயிற்றுப்போக்கு என்று யாரோ ஒரு புண்ணியவான் வீடியோ போட்டுவிட்டான். அந்தக் குடும்பம் எது, எந்த ஊர், வழியில் வேறெங்கே என்ன தின்றார்கள், ஒரு விவரமும் கிடையாது. எங்கள் பெயர்ப்பலகை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், மம்சாபுரம் விலக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஓட்டல். குற்றால சீசனில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்குவார்கள். அந்த வருஷம் சீசனிலேயே ஈ ஓட்டினோம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் நான். வீடியோவைக் காட்டி என்னிடமே “இது உண்மையாண்ணே?” என்று கேட்ட ஒருவனை வெளியே போகச் சொன்னேன். எனக்கு இருக்கிற வாய்க்கு இந்த வேலையில் இத்தனை வருஷம் நீடித்ததே பெரிய விஷயம்.

முதலாளி அபுதாஹிர் என்னைப் போல இல்லை. கோபம் வந்தால் பேசமாட்டார், எதையாவது வாங்கிப் போடுவார். அந்த முறை கிருமிநாசினி வாங்கினார். நீல நிறக் கேன்களில் வந்து இறங்கியது. தரை துடைக்க, மேஜை துடைக்க, பாத்திரம் அலச, காய் வெட்டும் பலகை கழுவ, எல்லாவற்றுக்கும் அதுதான். உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று சொல்லித்தான் போனார். ஆனால் சாப்பிட வருகிறவனுக்கு அது தெரியுமா? வாசலில் கால் வைத்ததும் மருந்து வாசம் அடிக்க வேண்டும், அடித்தால்தான் சுத்தம் என்று நம்புவான். முதலாளியின் கணக்கு அது. கணக்கு பலிக்கவும் செய்தது. கூட்டம் திரும்பியது.

அந்தக் கேன்களைக் கையில் எடுத்தவள் வெள்ளத்தாய். பாத்திரம் கழுவும் பகுதிக்கு அவள்தான் தலைவி. மம்சாபுரத்துக்காரி. அங்கிருந்து வேலைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் அவள் கைப்பிடித்து வந்தவர்கள். அவள் கழுவிய அண்டாவில் முகம் பார்த்துத் தலை சீவலாம். சுத்தத்தில் அவளுக்கு ஒரு வெறி உண்டு, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வாள். மருந்தை மூடியால் அளந்து ஊற்று என்று கேனில் படம் போட்டிருந்தது. அவள் செம்பால் ஊற்றினாள்.

அவள் மகள் கார்த்திகாவுக்கும் எங்கள் ஓட்டலில்தான் வேலை. வேதியியல் படித்த பெண். ஓட்டலின் பின்புறம், வேலியோரம், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகள் இருக்கின்றன. சமையலறைத் தண்ணீர் முழுவதும் அங்கே போய், காற்றடிக்கும் தொட்டி, காற்றில்லாத தொட்டி என்று சுற்றி, சுத்தமாகி வெளியே வரும். அதைப் பார்த்துக்கொள்வது கார்த்திகாவின் வேலை. வெளியே வரும் தண்ணீரை அடுத்த நிலத்துக்காரர் ஆண்டிச்சாமி வாங்கிக்கொள்வார். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து தென்னை வைத்திருப்பவர். ஒரு பண்ணைக்குட்டை வெட்டி அதில் எங்கள் தண்ணீரைத் தேக்கி, கட்லா, ரோகு மீன்கள் விட்டிருந்தார்.

கேன்கள் வந்து கொஞ்ச நாளில் தொட்டி நாற ஆரம்பித்தது. சிறுநீர் வாடை. வெள்ளத்தாய்க்குப் பொறுக்குமா? சாக்கடைக்குள் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினாள். நாற்றம் கூடியது. இன்னும் கொட்டினாள். மகள் ஓடிவந்து கையைப் பிடித்தபோது, “நாத்தம் வந்தா பிளீச்சிங் போடாம பன்னீரா தெளிப்பாவ?” என்று கேட்டாள். சமையலறையே சிரித்தது. நானும்தான்.

அந்த வாரத்தில் ஒரு காலை ஆண்டிச்சாமி ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் மேஜைக்கு முன்னால் கவிழ்த்தார். அவ்வளவும் செத்த மீன்.

“குட்டை பூரா வாயப் பொளந்துக்கிட்டு மெதக்கு. ஒங்க மொதலாளிய வரச் சொல்லும்” என்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவர் நேராகப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார். மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்கள் வந்து தண்ணீர் எடுத்துப் போனார்கள். அமோனியா அளவுக்கு மேல் எங்கோ இருந்தது. தீபாவளிக்கு முன்னால் மறுபடி வந்து எடுப்போம், அப்போதும் இப்படி இருந்தால் ஓட்டலுக்கு சீல் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு முதலாளி கார்த்திகாவைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு விசாரித்தார். அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னாள்.

“மொதலாளி, தொட்டியில ரெண்டு வகைப் பாக்டீரியா இருக்கு. ஒண்ணு சோத்தையும் எண்ணெயையும் திங்கும். செத்தாலும் சீக்கிரம் பெருகிரும். இன்னொண்ணு அமோனியாவத் திங்கும். கறி, முட்டை, பருப்பு கழுவுன தண்ணியில வாரது கடைசில அமோனியாதான். இந்த ரெண்டாவது வகை மெதுவாத்தான் வளரும். கிருமிநாசினி லேசாப் பட்டாலே செத்துரும். அது இருந்து மாத்திக் குடுத்தாத்தான் அடுத்த தொட்டியில அமோனியா காத்தாப் போகும். இல்லன்னா அப்படியே மீனுக்குத்தான் போகும்.”

“அப்ப நாம ஊத்துன மருந்துதான் தொட்டியக் கொன்னுச்சா?”

“ஆமா மொதலாளி.”

முதலாளி சமையலறைக்குப் போய் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். இனிமேல் மருந்து வெட்டுப் பலகைக்கு மட்டும், அதுவும் துணியில் தொட்டுத் துடைக்க. பாத்திரத்துக்குச் சுடுதண்ணீரும் சோப்பும் போதும். சாக்கடைக்குள் யாராவது மருந்து ஊற்றியதாகத் தெரிந்தால் அந்த ஆளுக்கு மறுநாள் இங்கே வேலை கிடையாது. அவர் இப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

அம்மாவும் மகளும் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே மினி பஸ்ஸில் வந்து ஆளுக்கொரு பக்கம் இறங்கிப் போவார்கள். பிறகு ஒருநாள் வெள்ளத்தாயே மகளிடம் போய், “நீ படிச்சவ, நீ சொன்னா சரியாத்தான இருக்கும். இனி ஒரு சொட்டு உள்ள போவாது, போதுமாட்டி?” என்றாள். சொன்னபடியே செய்தாள். நீலக் கேன்களைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் கண்ணில் படாமல் ஒரு மூடி மருந்து எடுக்க யாராலும் முடியவில்லை.

கார்த்திகா கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு மாணவர் விடுதியின் தொட்டியிலிருந்து, தயிருக்கு உறை வாங்குவதுபோல, கேன்களில் கசடு வாங்கிவந்து ஊற்றினாள். மூட்டை மூட்டையாக ஆப்பசோடா போட்டாள். அமோனியா தின்கிற வகை வளர அது வேண்டுமாம். “தொட்டிக்கு ஆப்பம் சுடுறியாத்தா?” என்று பரோட்டா மாஸ்டர் கேலி செய்தான். எதற்கும் அவள் அசரவில்லை. ஒருநாள் உள்ளங்கையில் எதையோ வைத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தாள். தொட்டிக்குள் ஆயிரக்கணக்கில் மிதக்கும் சின்ன பிளாஸ்டிக் வளையங்களில் ஒன்று. அதன் உள்பக்கம் முழுவதும் பழுப்பாக, வழவழவென்று ஏதோ படிந்திருந்தது.

“அண்ணாச்சி, இதப் பாத்தீங்களா? திரும்ப ஒட்டிருச்சு. இந்தப் பழுப்புதான் எல்லாம்.”

எனக்கு அது அழுக்காகத்தான் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கும்மா என்றேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தது. அமோனியா இருந்தால் மஞ்சளாகக் காட்டும் சொட்டு மருந்தை அவள் விட்டுப் பார்த்தால் மஞ்சள் ஏறவில்லை. எதற்கும் சரியான ஒரு சோதனை இருக்கட்டும் என்று பாட்டிலில் பிடித்துக்கொண்டு மதுரைக்குப் போனாள். அங்கே சித்தி வீட்டில் பூஜைக்குத் தங்கிவிட்டு வருவதாகச் சொன்னாள். அந்த வருஷத்தில் அவள் எடுத்த முதல் விடுப்பு அது.

எங்கள் ஓட்டலில் ஆயுத பூஜை விசேஷமாக நடக்கும். முதலாளியின் வாப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம். பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் முதலாளியே வாங்கிக் கொடுத்து, ஓரமாகக் கைகட்டி நிற்பார். மத்தியானத்தோடு அடுப்பை அணைத்துவிட்டுக் கிரைண்டர், பரோட்டாக் கல், குளிர்ப்பெட்டி என்று அம்புட்டையும் தேய்த்துக் கழுவிச் சந்தனம் பூசுவார்கள். அவரவர் தொழில் கருவியை அவரவர் கழுவ வேண்டும். அன்றைக்கு வராதவரின் கருவியை அவர் உறவுக்காரர் யாராவது கழுவுவார்கள்.

கார்த்திகாவின் கருவிக்கு யார் இருக்கிறார்கள், பெற்றவளைத் தவிர? வெள்ளத்தாய் பின்பக்கம் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தாள். கூடப் போன, பாத்திரம் கழுவும் மாரிச்செல்வி, “என்ன மதினி, ஒங்க மக காலேசு படிச்சுட்டு இந்தச் சகதியிலயா நிக்கா? எங்க வீட்டு மாட்டுத்தொட்டி இத விட நல்லாருக்கும்” என்றாளாம். பாவி, விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பாள். அது வெள்ளத்தாய்க்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

பத்துப் பெண்கள் சேர்ந்து, வடை எடுக்கிற பெரிய ஜல்லிக் கரண்டிகளால் அந்த வளையங்களை அரித்து எடுத்தார்கள். பிரியாணி அண்டாக்களில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊறப் போட்டார்கள். பூட்டி வைத்திருந்த நீலக் கேனும் அன்றைக்குத் திறந்தது. ஊறியதும் சாக்கில் அள்ளிப் போட்டு, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, சின்ன வெங்காயம் உரசுவதுபோல உரசினார்கள். வெள்ளத்தாய் மகளுக்குக் கொடுத்த வாக்கை மறக்கவில்லை. கழுவிய தண்ணீரை ஒரு சொட்டுகூடச் சாக்கடையில் விடாமல், குடம் குடமாகச் சுமந்து வேலிக்கு வெளியே தரிசில் கொண்டுபோய்க் கொட்டினாள். வளையங்களை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசித் தொட்டிக்குள் போட்டாள். காற்றடிக்கும் இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டார்கள். அவர்கள் சிரிப்பும் கும்மாளமும் கல்லா வரைக்கும் கேட்டது. பொரியைக் கொறித்துக்கொண்டு, இவர்கள் வேலையை எப்போது முடிப்பார்கள் என்று நான் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் கார்த்திகா வந்தாள். மதுரைச் சோதனை நன்றாக வந்திருக்கிறது என்று போனிலேயே சொல்லிவிட்டார்களாம். வாசலில் நுழையும்போதே எனக்குச் சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைபோல ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன், நல்ல செய்தி கேட்டுப் பழக்கமில்லாதவன்.

தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளத்தாய் காத்துக்கொண்டு நின்றாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “எப்படிட்டி இருக்கு?” என்றாள். வளையங்கள் வெயிலில் மல்லிகைப் பூ மாதிரி வெள்ளையாகச் சுழன்றுகொண்டிருந்தன. “நீ சொன்னதக் காப்பாத்திட்டேன். ஒரு சொட்டு மருந்து உள்ள விடல. வெளிய எடுத்துத்தான் கழுவுனோம். தண்ணியக் கூட சொமந்து தரிசுலதான் ஊத்துனேன். தோளு ரெண்டும் விட்டுப்போச்சு.”

கார்த்திகா தொட்டியை எட்டிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “நல்லாருக்கும்மா” என்று சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளத்தாய் உள்ளே போன பிறகுதான் என்னிடம் சொன்னாள். “போச்சு அண்ணாச்சி. அம்புட்டும் அந்தப் பழுப்புலதான் இருந்துச்சு. உயிரத் தொடச்சு எடுத்துட்டாவ.” அழவில்லை. “அம்மாட்டச் சொல்லிராதீங்க. மொதலாளிக்கும் தெரியக் கூடாது. அம்மாவ வெரட்டிட்டா அவ செத்துருவா.”

மறுபடியும் கசடு கேட்டு விடுதிக்கு ஓடினாள். ஊற்றினாள். ஆப்பசோடா போட்டாள். சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாகி, பிறகு தேயிலை நிறத்துக்குப் போனது. ஆண்டிச்சாமியிடம் தானே போய், குட்டைக்கு வரும் குழாயை அடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் இரண்டாவது முறையாக விட்டிருந்த மீன் அதனால் பிழைத்தது. எங்களுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை.

முதலாளியிடம் போய், ஓட்டலைக் கொஞ்ச நாள் மூடினால் தொட்டி தேறிவிடும் என்று கெஞ்சினாள்.

“தீவாளி வருதும்மா. இப்ப எப்படி அடைக்க?” என்றார் அவர். “நல்லாத்தான இருந்துச்சு, எதனால கெட்டுச்சு? காரணத்தச் சொல்லு. நானே ஆபீசுல போயி எழுதிக் குடுத்துட்டு அடைக்கேன், அவுகளும் தவணை குடுப்பாக.”

கார்த்திகா தரையைப் பார்த்தாள். “தெரியல மொதலாளி.”

அந்த ஒரு பதிலில் எல்லாம் முடிந்துபோனது. அங்கே நான் நின்றேன், அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் வாயைக் கட்டிப்போட்டாள். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை படித்துவிட்டு, பெற்றவளிடம் நாலு வார்த்தை சொல்ல முடியாமல் இப்படி நிற்கிறாளே என்று இருந்தது.

தொட்டி மறுபடி நாறியது. காரணம் தெரியாத வெள்ளத்தாய் சமையலறையில் ஆடித் தீர்த்துவிட்டாள். தான் கூட்டிவந்த பெண்களையே வரிசையாக நிறுத்தி, “எவட்டி திருட்டுத்தனமா மருந்து ஊத்துனது? எம்மக பொழப்புல மண்ணள்ளிப் போட்டவ வெளங்குவாளா? அவ கை அழுகிப் போகும்” என்று மண்ணை வாரித் தூற்றினாள். கார்த்திகா அப்போது டீ எடுக்க வந்திருந்தாள். டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதிகாரிகள் சொன்ன மாதிரியே வந்து தண்ணீர் எடுத்தார்கள். முடிவு வந்ததும் சீல் வைக்கவும் வந்துவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கூட்டத்தைப் பாதியில் எழுப்பி அனுப்பினேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை, வீடியோ எடுத்தார்கள். பின்புற முற்றத்தில் வேலைக்காரர்கள் எல்லோரும் கூடி நின்றோம். முதலாளி சுவரில் சாய்ந்து நின்றார். தீபாவளிக்கு எங்களுக்காக வாங்கிப் போட்டிருந்த துணிமணிப் பைகள் அவர் அறையில் அப்படியே இருந்தன.

வந்திருந்த பொறியாளர் மரியாதையான மனிதர். அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, ஒரு வளையத்தை எடுத்து விரலால் உருட்டினார்.

“இவ்வளவு வெள்ளையா இருக்கே? இது எப்படிம்மா? புதுசா மாத்தினீங்களா?”

கார்த்திகா முன்னால் போனாள். “இல்ல சார். ஆயுத பூஜைக்கு நான் கழுவிட்டேன். பிளீச்சிங் போட்டு, எல்லாத்தையும்.”

முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

“நீயா? கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு, நீயா?” பொறியாளரின் குரல் உயர்ந்துவிட்டது. “இத்தனை பேர் சோறு இதுல இருக்குன்னு தெரியாதா உனக்கு? இனிமே எந்தத் தொட்டிக்காவது உன்னை நம்பி யாராவது விடுவானா?”

கூட்டத்துக்குப் பின்னால் வெள்ளத்தாய் நின்றாள். என்ன பேசுகிறார்கள் என்று அவளுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. தொட்டி கழுவியதைச் சொல்லி மகளை ஒருவர் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார், அது மட்டும் தெரிந்தது. நான் கையை நீட்டித் தடுத்தேன். என்னைத் தள்ளிவிட்டுப் போனாள்.

“சார், எம்மகளப் பேசாதீங்க. அவ மேல ஒரு குத்தமும் கெடையாது. அவ அன்னைக்கு ஊர்லயே இல்ல, மருதையில இருந்தா. நான்தான் முன்ன நின்னு கழுவுனேன். எப்படிக் கெடந்த தொட்டி தெரியுமா? வழவழன்னு ஒரே சகதி. இப்பப் பாருங்க, எம்புட்டு வெள்ளையா இருக்குன்னு. இதுக்கு மேல எப்படி சார் ஒருத்தி கழுவ முடியும்?”

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். பொறியாளர் அந்த வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இவளைப் பார்த்தார், கார்த்திகாவைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

“அம்மா,” என்றார் மெதுவாக. “நீங்க சகதின்னு சொல்றீங்கள்ல, அதுதான் தண்ணியைச் சுத்தம் பண்ணிட்டிருந்தது. அதைக் கழுவினதாலதான் இப்ப சீல் வைக்கிறோம்.”

வெள்ளத்தாய் சிரித்தாள். கேலி செய்கிறார் என்று நினைத்துவிட்டாள். பிறகு சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தாள். கடைசியாக மகளிடம் வந்து நின்றாள்.

“ஏட்டி, என்ன சொல்லுதாரு இவரு?”

கார்த்திகா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“அன்னைக்குக் காலையில கேட்டேன்ல. நல்லாருக்குன்னு சொன்னியே. அப்பவே ஏன் சொல்லல?”

“எப்படிம்மா சொல்லுவேன்? நீ அம்புட்டு சந்தோசமா நின்ன.”

அப்போது மாரிச்செல்வி வாயைத் திறந்தாள். முதலாளிக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். “மதினிட்ட நாங்க அன்னைக்கே வேண்டாம்னு சொன்னோம் மொதலாளி. அவியதான் கேக்கல.” மற்ற பெண்களும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.

எனக்குத் தலைக்கு ஏறியது. அன்றைக்கு அடித்த கும்மாளம் என் காதிலேயே இருக்கிறது. வேண்டாம் என்ற சொல் ஒருத்தி வாயிலிருந்தும் வந்திருக்காது. சும்மா இருங்கடி என்று நான் கத்த வாயெடுப்பதற்குள், வெள்ளத்தாய் அந்தப் பெண்கள் பக்கம் திரும்பினாள். ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். இன்னொரு நாள் இந்தக் கதவு திறந்தால் அவர்களுக்கு வேலை வேண்டும். அது அவளுக்குத் தெரியும். அவள்தானே கூட்டிவந்தாள்.

“ஆமா மொதலாளி,” என்றாள். “இவளுக படிச்சுப் படிச்சுச் சொன்னாளுக. நான்தான் கேக்கல.”